மலையில் தங்கப் போகிறவர்களுக்கு: மேப்பில் ஓடுகிற ஓடை நிஜத்தில் ஓடாது

போன மாதம் தர்மபுரி மாவட்டம் அரூர் பஸ் ஸ்டாண்டில் சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மூன்று பையன்கள், முதுகில் ஆள் பாதி உயரத்துக்குப் பை, டென்ட், விரிப்பு, போதாததற்கு ஒரு மடக்கு நாற்காலி. தண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில். "இது போதுமாப்பா?" என்று கேட்டேன். "மேல ஓடை இருக்குதுண்ணா, மேப்ல பார்த்துட்டோம்" என்றான் ஒருவன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

புது ஷூ போடாதே, டார்ச் எடுத்துக்கொள் வகையறாவையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை கொப்புளம் வந்தால் தானாகவே புத்தி வந்துவிடும்.

அனுமதி

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், ராத்திரி தங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நான் தங்குவதெல்லாம் மலை ஊர்களில், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, அறுவடை முடிந்த காட்டில். (நம் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.)

தண்ணீர்

தர்மபுரிக்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் இல்லையா. அப்படிப்பட்டவன்தான் ஒரு பிப்ரவரிக் கடைசியில், சித்தேரி மலையில் ஊர் ஊராக மூன்று நாள் நடப்பது என்று கிளம்பி, மாட்டுத்தடத்தில் ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டிய நாளுக்கு இரண்டே லிட்டர் எடுத்தேன். கூட வந்த நண்பனும் அதே அளவு. போனில் பார்த்தால் வழியில் இரண்டு இடத்தில் நீலக்கோடு குறுக்கே போகிறது, அப்புறம் எதற்குச் சுமப்பானேன் என்று கணக்கு.

முதல் நீலக்கோட்டில் மணலும் உருண்டைக் கல்லும். இரண்டாவதற்கு முன்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "கீழே தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டோம். "இருக்குது கண்ணு, போங்க" என்றார். அரை மணி நேரம் இறங்கினோம். பாறை இடுக்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குட்டை, மேலே பச்சைப் பாசி, சுற்றி ஆட்டுப் புழுக்கை, அதிலும் பாதியைக் குளவிகள் பிடித்து வைத்திருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. ஆட்டுக்கு அது தண்ணீர்தான். கேட்ட கேள்விதான் தப்பு. இறங்கின அரை மணியை ஏறுவதற்கு ஒரு மணி நேரமாக்கி, கையில் இருந்ததையும் அந்த ஏற்றத்திலேயே குடித்துத் தீர்த்தோம்.

சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டிய ஊருக்குப் போகவில்லை. பாறை மேல் படுத்தோம். பசிக்கு இருந்தது மிக்சர், அதை வேறு தின்று தொலைத்தேன், உப்பு நாக்கோடு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். நண்பனுக்குக் கெண்டைக்கால் மாற்றி மாற்றிச் சுண்டி இழுத்தது. காலையில் தட்டுத்தடுமாறி ஊர் சேர்ந்து ஒரு வீட்டில் சொம்பு நிறைய மோர் கொடுத்தார்கள், அவன் குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான். அன்று மத்தியானம் அவனுக்கு அரூரில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மிச்ச இரண்டு நாள் பயணம் அம்போ. இன்றைக்கும் அதை நினைத்தால் மலை மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அந்த நீலக்கோட்டின் மேல்தான் வருகிறது.

விஷயம் இதுதான். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் தண்ணீர் இருக்கிற ஓடைக்கு நீலம், வறண்ட ஓடைக்குக் கறுப்பு. பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம், யாருக்கு ஞாபகம் இருக்கிறது? போன் மேப்பில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே நீலம். நம் மலைகள் வறண்ட இலையுதிர் காடு, அக்டோபர், நவம்பர் மழையில் குதித்து ஓடுகிற ஓடையில் பொங்கல் தாண்டினால் பெரும்பாலும் மணல்தான். இதில் டிசம்பரில் எவனோ எடுத்த அருவி போட்டோவைப் பார்த்துவிட்டு மார்ச்சில் கிளம்புகிறவர்களை என்ன சொல்வது.

ஊர்க்காரர்களிடம் தண்ணி இருக்குதா என்று கேட்காதீர்கள். "நேத்து நீங்க எங்க தண்ணி குடிச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் தன் பாட்டிலைத் தட்டிக் காட்டி "வீட்டுல இருந்து கொண்டாந்தது" என்றால் உங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர நடைக்கு மூன்று, சமையலுக்கும் ராத்திரிக்கும் இரண்டு. ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ, தோள் வலிக்கும், வலிக்கட்டும். ஒரே கேனில் ஊற்றாமல் நாலைந்து பாட்டிலாகப் பிரியுங்கள், ஒன்று ஓட்டையானாலும் மிச்சம் இருக்கும். வழியில் கிடைக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்த அந்தப் பையன்களை, இரண்டு லிட்டர் பாட்டில் ஆளுக்கு இரண்டு வாங்க வைத்தேன். பையில் இடம் போதவில்லை. மடக்கு நாற்காலியை அந்தக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

தண்ணீரை ஒட்டியே டென்ட் போடுவது

தண்ணீர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் செய்கிற தவறு. உங்களுக்கு முன்பே அந்த இடம் யானைக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள்.

ராகிக்காட்டு ஓரம்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றுகிற மாதங்களில் யானைக்குப் பயந்து விவசாயி பரண் மேல் ஏறிக் காவல் இருக்கிறார். அவரே தரையில் படுக்கவில்லை, நீங்கள் ஏன் படுக்கிறீர்கள்?

தீ

தேனி மாவட்டம் குரங்கணி, 2018 மார்ச். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிச் செத்தார்கள்.

குளிர்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மலை ஊரான பெட்டமுகிலாளத்தில் டிசம்பர் ராத்திரியைச் சாதாரணமாக நினைத்துக் கைலியோடு போனவன் நான். குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும், கொஞ்சம் மேடேறிப் படுத்தாலே வித்தியாசம் தெரியும். மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட அடியில் ஒன்றை விரிப்பது மேல்.

போன்

சிக்னல் தேடியே பேட்டரி செத்துவிடும். ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள்.