சுழலும் பாய்மத்தைச் சூடாக்கும்போது செய்யக் கூடாதவை

அடியில் சூடு, மேலே குளிர், நடுவில் பாய்மம். பாத்திரம் மொத்தமும் சுழல்கிறது. வளிமண்டலமானாலும் பூமியின் திரவ வெளிக் கருவமானாலும் கணித மாதிரி பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இதில் அதே குழிகளில் விழுகிறார்கள். நாங்களும் விழுந்து எழுந்த குழிகள்தாம். அலகு மாற்ற மறப்பது, குறியைத் தலைகீழாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே பல்லிளித்துவிடும். கீழே உள்ளவை அப்படிக் காட்டிக்கொடுக்காது. அழகாகப் படம் வரைந்து கையில் கொடுக்கும்.

அந்த 2 எங்கே?

பாகுநிலை விசைக்கும் கொரியோலிஸ் விசைக்கும் உள்ள விகிதம்தான் எக்மன் எண். அது சிறுக்கச் சிறுக்கச் சுழற்சியின் பிடி இறுகுகிறது. கொரியோலிஸ் விசையில், அதாவது சுழலும் பாத்திரத்தில் ஓட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பும் விசையில், இயல்பாகவே ஒரு 2 உண்டு. சிலர் அதை எக்மன் எண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள், சிலர் வெளியே சமன்பாட்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சரிதான். ஒருவருடைய சூத்திரத்தில் இன்னொருவருடைய எண்ணைப் போடுவதுதான் வினை. படியால் அளந்த அரிசிக்குக் கிலோ விலை கொடுக்கிற கதை அது.

10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், சுழற்சி வினாடிக்கு 1 ரேடியன், அதாவது நிமிடத்துக்கு ஒன்பதரைச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். 2 உள்ளே இருந்தால் எக்மன் எண் 0.00005, வெளியே இருந்தால் 0.0001. வெப்பச்சலனம் எப்போது தொடங்கும் என்பதைச் சொல்வது ரேலே எண்; சூட்டால் எழும் மிதப்பு, பாகுநிலையையும் வெப்பப் பரவலையும் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவு அது. சுழற்சி இல்லாமல் இரண்டு திடத் தட்டுகளுக்கு நடுவே அது 1708-ஐத் தாண்டினால் போதும். வேகமாகச் சுழலும்போது தேவைப்படும் ரேலே எண், எக்மன் எண்ணின் மைனஸ் 4/3 அடுக்காக ஏறுகிறது. முன்னால் நிற்கும் பெருக்கெண் 8.7. ஆனால் அந்த 8.7, 2-ஐ உள்ளே வைத்தவர்களுடையது. வெளியே வைத்தவர்களுக்கு அதே விதியில் பெருக்கெண் 21.9.

என்னிடம் வந்த ஒரு மாணவர் புரோகிராமின் எக்மன் எண்ணை (0.0001) எடுத்து, ஓர் ஆய்வுக் கட்டுரையின் 8.7-ஆல் பெருக்கினார். மாறுநிலை ரேலே எண், அதாவது சலனம் தொடங்கும் வரம்பு, சுமார் 19 லட்சம் என்று வந்தது. அதைப்போல் ஒன்றரை மடங்கு, 28 லட்சத்தில் வைத்து, உருளைப் பாத்திரத்துக்கான கணக்கீட்டை ஒரு பருவம் முழுக்க ஓட்டினார். உண்மையான மாறுநிலை சுமார் 47 லட்சம். திடத் தட்டுகளுக்கு இது சற்றுக் குறையும்; ஆனாலும் 28 லட்சம் வரை இறங்காது. பாய்மம் அசையவே கூடாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சலனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எதுவுமே அசையாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும். எரிச்சல் என்னவென்றால், அசைந்தது. வெப்பம் கடத்தாத பக்கச் சுவர் இருந்தால், சுவரை ஒட்டிய சலனம் நடுப்பகுதியைவிட மிகக் குறைந்த ரேலே எண்ணிலேயே தொடங்கிவிடும். அதன் வரம்பு எக்மன் எண்ணின் தலைகீழை ஒட்டித்தான் ஏறுகிறது. இந்தப் பாத்திரத்துக்கு ஆறரை லட்சம் வாக்கில் வரும். அவருடைய படத்தை நடு உயரத்தில் வெட்டிப் பார்த்தேன். மேலேறும் நீர் சிவப்பு, கீழிறங்கும் நீர் நீலம். சிவப்பும் நீலமும் சுவரோரமாக மாறி மாறி வளையம் கட்டி, சுழற்சிக்கு எதிர்த் திசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. உள்ளே வெள்ளை. நசல்ட் எண் (மொத்த வெப்பப் போக்கு, வெறும் கடத்தலைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1-ஐவிடச் சற்றே மேல். சுழற்சி வெப்பக் கடத்தலை எப்படி ஒடுக்குகிறது என்று அவர் ஓர் அத்தியாயமே எழுதி முடித்திருந்தார்.

"தம்பி, அந்த 2 எங்கே?"

"எந்த 2, சார்?"

கட்டுரையில் உள்ள வரையறையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். புரோகிராமைத் திறந்து, கொரியோலிஸ் உறுப்பு இருக்கும் வரியைக் கண்ணால் பாருங்கள். பிறகு ஒரு சிறு சோதனை. பக்கச் சுவரில்லாத, இருபுறமும் தொடரும் பெட்டி, வழுக்கும் தட்டுகள், அகலம் சலனத்தின் ஒரே ஓர் அலைநீளம் (ஒரு மேலேற்றத்திலிருந்து அடுத்த மேலேற்றம் வரை), அதாவது எக்மன் எண்ணின் கன மூலத்தை (2 உள்ளே) உயரத்தாலும் 4.8-ஆலும் பெருக்கியது. நம் பாத்திரத்துக்கு இது 1.8 செ.மீ. கூட வராது. ரேலே எண்ணை மாறுநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு முறை, சற்று மேலே ஒரு முறை வையுங்கள். சிறு அதிர்வு முதலில் தேய வேண்டும், அடுத்ததில் வளர வேண்டும். லேப்டாப்பில் ஒரு மாலை வேலை. இதைச் செய்யாமல் பெரிய கணினியில் நேரம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எக்மன் படலம்

தட்டை ஒட்டி, பாகுநிலையும் கொரியோலிஸ் விசையும் மோதும் மெல்லிய படலம் இது. மேலே சொன்ன பாத்திரத்தில் 0.7 மி.மீ. அதற்குள் பத்துப் புள்ளியாவது வையுங்கள்.

பெட்டியின் அகலம்

உயரத்தைப் பார்த்து வைக்காதீர்கள், சலனத்தின் அலைநீளத்தைப் பார்த்து வையுங்கள்.

மைய விலக்கு விசையை மறப்பது

எக்மன் எண்ணைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வேகத்தைக் கூட்டுவது. வினாடிக்கு 10 ரேடியன் என்று ஆக்கிவிட்டால், அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி மைய விலக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகிவிடுகிறது. கனமான குளிர்நீர் வெளியே ஓடும், சுடுநீர் அச்சருகே கூடும். சமன்பாட்டில் அந்த உறுப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஆய்வகச் சோதனையோடு ஒத்துப்போகவில்லையே என்று சோதனை செய்தவர்மேல் பழி போடுவது நியாயமில்லை. உயரத்தைக் கூட்டுங்கள், எக்மன் எண் உயரத்தின் வர்க்கமாகக் குறையும்.

தண்ணீர்க் கணக்கைப் பாதரசத்துக்குப் போடுவது

பாகுநிலைப் பரவலுக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம்தான் பிராண்டல் எண். தண்ணீருக்கு அது சுமார் 7, பாதரசத்துக்கு 0.025. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1950-களில் இந்தக் கணக்கைப் போட்டார். பிராண்டல் எண் சுமார் 0.68-க்குக் கீழே போனால், போதிய வேகச் சுழற்சியில் சலனம் நிலையான ஓட்டமாகத் தொடங்காது. முன்னும் பின்னும் அலையும் ஊசலாட்டமாகவே தொடங்கும். சிகாகோவில் ஃபுல்ட்ஸும் நாகாகாவாவும் பாதரசத்திலேயே அதைக் காட்டினார்கள். இத்தனைக்குப் பிறகும், நிலைப்புத்தன்மைக் கணக்கில் வளர்ச்சி வீதத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்துப் பூஜ்யமாக்கிவிட்டு உருக்கிய உலோகத்துக்கு விடை தேடுகிறார்கள். வருகிற விடை சரியான விடைதான், வேறொரு திரவத்துக்கு.

பூமியின் கருவத்தைக் கணக்கிட்டுவிட்டேன் என்று எழுதுவது

அங்கே எக்மன் எண் சுமார் 10-இன் மைனஸ் 15-ஆம் அடுக்கு. உங்களுடையது என்ன?

நிலைத்த ஓட்டத்துக்காகக் காத்திருப்பது, காத்திராமல் எழுந்துபோவது

சுழற்சி ஓரளவைத் தாண்டினால், சலனம் தொடங்கிய கணத்திலேயே சலன உருளைகள் (உருண்டு சுற்றும் ஓட்டப் பட்டைகள்) நிலைக்காமல் ஒன்றையொன்று தள்ளித் திசை மாறிக்கொண்டே இருக்கும். கியூப்பர்ஸும் லோர்ட்ஸும் 1969-இல் இதைச் சொன்னார்கள். அங்கே வேகம் மாறாமல் நிற்கும் என்று நிறுத்தல் நிபந்தனை வைத்தால் கணினி நின்றபாடில்லை. இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. பாத்திரம் சுழற்சிக்குப் பழகச் சில நிமிடம் போதும் என்பதால், அத்துடன் அளக்கத் தொடங்கிவிடுவார்கள். 10 செ.மீ. நீரில் வெப்பம் பரவிச் சேர ஆகும் காலம் 20 மணி நேரத்தை ஒட்டியது. சலனம் அதைக் குறைக்கும்; மாறுநிலைக்குப் பக்கத்தில் அதிகம் குறைக்காது. அடித்தட்டில் நுழையும் வெப்பத்தையும் மேல்தட்டில் வெளியேறும் வெப்பத்தையும் தனித்தனியே நேரச் சராசரி எடுங்கள். இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை எந்த நசல்ட் எண்ணையும் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.