மருந்து போட்ட கால்நடைகளின் சாணத்தைச் சூடேற்றி மக்கவைப்பது எப்படி?

மாட்டுக்கோ பன்றிக்கோ கோழிக்கோ ஆன்டிபயாடிக் கொடுத்தால் அது முழுவதும் உடம்புக்குள்ளேயே செலவாகிவிடுவதில்லை. பல மருந்துகளில் பெரும் பங்கு சாணத்திலும் மூத்திரத்திலும் மருந்தாகவே வெளியே வந்துவிடும். கூடவே, குடலுக்குள் அந்த மருந்தைத் தாக்குப்பிடித்த பாக்டீரியாக்களும் வரும். சாணத்தைப் பச்சையாக மண்ணில் கொட்டினால் இரண்டும் மண்ணுக்குப் போகும், மழை பெய்தால் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் இறங்கும்.

எனக்கு இதில் பெரிய பயம் பிளாஸ்மிட் என்கிற குட்டி டிஎன்ஏ வளையத்தைப் பற்றித்தான். மருந்தை எதிர்க்கும் மரபணு அதில் உட்கார்ந்திருந்தால், ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்குக்கூடக் கைமாற்றிவிடும். எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற கொலிஸ்டினையே தோற்கடிக்கும் எம்சிஆர்-1 மரபணு இப்படி ஒரு பிளாஸ்மிட்டில் இருப்பதை 2015-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதைக் கண்டுபிடித்தது பண்ணைப் பன்றி ஒன்றிடமிருந்து எடுத்த ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியாவில்.

சாணத்தைச் சூடேற்றி மக்கவைத்தால் இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாகும், சில மருந்துகளும் சிதையும். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: பிரித்து வையுங்கள்

எந்த மாட்டுக்கு, என்ன மருந்து, எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிகிச்சையில் இருக்கும் மாட்டின் சாணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். மருந்து கலந்திருக்கும் பாலை விற்கக்கூடாது என்று தெரிந்தவர்கள்கூட அதைக் கன்றுக்கு ஊற்றிவிடுகிறார்கள். கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருக அதுவே போதும், தயவுசெய்து வேண்டாம்.

படி 2: குவியல் போடுங்கள்

கிணறும் வாய்க்காலும் இல்லாத பக்கமாக, தண்ணீர் தேங்காத மேட்டில், முடிந்தால் மேலே கூரையோடு இடம் பாருங்கள். சாணம் மட்டும் போட்டால் காற்றுப் புகாமல் நாறும், சூடு ஏறாது. வைக்கோல், காய்ந்த இலை, மரத்தூள் என்று உலர்ந்தது எதையாவது கலக்க வேண்டும். கரிமமும் நைட்ரஜனும் 25:1 முதல் 40:1 வரை இருக்கலாம் என்பது கணக்கு. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம், அதற்கு உலர்ந்தது நிறையவே வேண்டும்.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். கையுறை போட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரியான ஈரம். ஒழுகினால் வைக்கோல் சேருங்கள், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். குவியல் நீள அகல உயரம் எல்லாம் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது, சின்னக் குவியலில் சூடு நிற்காது.

படி 3: சூட்டை அளந்து பாருங்கள்

நீளமான கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குவியலின் நடுவரை இறக்கி, மூன்று நான்கு இடங்களில் தினமும் பார்த்து எழுதுங்கள். சில நாட்களிலேயே 55 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதி, நீளக் குவியல் முறைக்கு 55 முதல் 77 டிகிரிக்குள் 15 நாள், அதற்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டல் என்று சொல்கிறது. நான் 65-ஐத் தாண்டினாலே புரட்டச் சொல்வேன், அதற்கு மேல் போனால் மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சாக ஆரம்பிக்கும்.

தெர்மாமீட்டர் இல்லையா? இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி வைத்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத அளவு சுட்டால் சூடு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான், அது 55-ஆ என்று கம்பி சொல்லாது.

படி 4: புரட்டுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். நடுவில் ஆவி பறக்கும்போதும், வெளிப்பக்கத்து அரையடி கனம் குளிர்ந்துதான் கிடக்கும். ஓரமாகக் கிளறினால் சாணக்கட்டி போட்டபடியே பச்சையாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே உயிரோடு இருக்கிற பாக்டீரியாக்கள், நடு ஆறியதும் உள்ளே பரவி மறுபடி பெருகும். அதனால் மேலாகக் கிளறிவிடுவது புரட்டல் ஆகாது. வெளித்தோலை முதலில் வழித்துப் பக்கத்தில் போட்டு, அதையே புதுக் குவியலின் நடுவில் வைத்து, சூடாக இருந்த நடுப்பகுதியால் மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். ஆறு மாதம் சும்மா கிடந்து கறுத்துப்போன எருவைப் பார்த்து, மக்கிவிட்டது, ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். அது சூட்டைப் பார்த்ததா என்பதுதான் கேள்வி.

படி 5: ஆறவிடுங்கள்

புரட்டினாலும் சூடு ஏறவில்லை என்ற நிலை வந்ததும் சில வாரம் அப்படியே விடுங்கள். பச்சைச் சாணம் அள்ளிய மண்வெட்டியால் இதைத் தொடாதீர்கள், தனி மண்வெட்டி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் எல்லாம் போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் இந்தச் சூட்டில் நன்றாகவே சிதையும், ஃப்ளூரோகுயினோலோன் என்கிற இன்னொரு வகை ஆன்டிபயாடிக்குகள் எருவோடு ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் நிற்கும். தீவனத்தில் சேர்க்கிற தாமிரமும் துத்தநாகமும் எந்தச் சூட்டிலும் அழியாது, அவை இருக்கும் மண்ணில் எதிர்ப்பு மரபணுக்களும் தங்கும். எனவே தீவனப் பையில் என்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே தடை செய்துவிட்டது.

மக்கவைக்க வழியே இல்லை, பச்சையாகத்தான் போட வேண்டும் என்றால், மேலே சொன்ன அதே அமெரிக்க விதியில் ஒரு இடைவெளி உண்டு: மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே, மண்ணைத் தொடாததற்கு 90 நாள் முன்பே போட்டு, மண்ணோடு உழுதுவிட வேண்டும்.