இரட்டைக் குதிரைச் சவாரி: மீட்புக் குழுச் சேவையும் சம்பள வேலையும்

குடிநோயாளிகள் பெயரை வெளியிடாமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மீட்புக் குழு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்). அதில் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆனவர்கள் மறுவாழ்வு மையத்தில் சம்பளத்துக்குக் கவுன்சிலராகச் சேர்கிறார்கள். முன்னால் வந்தவர்கள் சூடுபட்ட அதே இடத்தில்தான் இவர்களும் கை வைக்கிறார்கள். கூட்டத்துக்கு லேட்டாக வருவது, ஹால் சாவியை மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை.

ஒரே ஆளுக்கு ஸ்பான்சராகவும் கவுன்சிலராகவும் இருப்பது

ஸ்பான்சர் என்றால் குழுவில் புதியவருக்குக் கூடவே நின்று வழிகாட்டும் பழைய உறுப்பினர். இரவு பதினொரு மணிக்கு ஃபோன். "அண்ணே, ரெண்டு ரவுண்டு போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." ஸ்பான்சராக மட்டும் இருப்பவர் பொறுமையாகக் கேட்பார், மறுநாள் கூட்டத்துக்குக் கையோடு அழைத்துப் போவார். கவுன்சிலர் அப்படி விட முடியாது. காலையில் கேஸ் ஃபைலில் எழுத வேண்டும். அந்த ஆள் குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட, மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

சொன்னால் "அண்ணன் காட்டிக் கொடுத்துட்டார்" என்பார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார். சொல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து, வேலைக்கும் ஆபத்து. இதில் நல்ல வழி என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் தவறு அந்த ஃபோனுக்கு வெகு முன்பே நடந்துவிட்டது.

ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாம் படியும் இப்படித்தான் கெடுகிறது. தன் தவறுகளை ஒளிவுமறைவில்லாமல் இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்ளும் படி அது. கேட்பவர் கையில் டிஸ்சார்ஜ் தேதி இருந்தால் எவரும் பாதியை விழுங்கிக்கொண்டுதான் பேசுவார்.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? "உங்களை விட்டா யாருண்ணே" என்ற ஒரு வார்த்தை போதும், மயங்கிவிடுகிறார்கள். எரிச்சல் அங்கேதான்.

சேர்க்கை நாளிலேயே சொல்லிவிடுங்கள்: "இங்கே நான் கவுன்சிலர். ஸ்பான்சரைக் குழுவில் தேடிக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று பேரை அறிமுகம் செய்கிறேன்." ஏற்கெனவே சிக்கியிருந்தால் மையத்தின் பொறுப்பாளரிடம் மறைக்காமல் சொல்லி, புது ஸ்பான்சரை நேரில் உட்காரவைத்து ஒப்படையுங்கள். ஃபோன் நம்பரை மட்டும் தட்டிவிட்டால் அந்த ஆள் கூப்பிடவே மாட்டார். நீங்கள் மனம்விட்டுப் பேச, மையத்துக்காரர்கள் வராத ஒரு குழுவை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்தைக் கூட்டக் கணக்கில் சேர்ப்பது

"நாள் முழுக்க அதே பேச்சுதானே, தனியாகக் கூட்டம் எதுக்கு?" வேலையில் நீங்கள் கேட்கிறீர்கள், உங்களை யாரும் கேட்பதில்லை. மறுபடி பாட்டிலைத் தொட்ட கவுன்சிலர்களின் கதை பெரும்பாலும் இந்த வரியில்தான் தொடங்கும். வேலைக்குச் சேரும் முன் வாரத்துக்கு எத்தனை கூட்டமோ, சேர்ந்த பிறகும் அத்தனை.

சம்பளம் என்றாலே பாவம் என்று நினைப்பது

ஏ.ஏ.யின் ஆரம்ப காலத்தில், தன்னிடமே சம்பளத்துக்கு வேலை செய்யும்படி, ஏ.ஏ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் டபிள்யூவைக் கூப்பிட்டார் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனை உரிமையாளர். பில்லுக்குக் கடுமையான பணமுடை. ஆனாலும் குழுவினர் கூடாது என்றார்கள், அவரும் விட்டுவிட்டார். குழுக்கள் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும், 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் எட்டாவது இதற்கு ஒரு கோடு போட்டது: ஒரு குடிநோயாளி இன்னொருவருக்குச் செய்யும் உதவிக்குக் காசு இல்லை, சேவை மையங்கள் ஊழியர்களை வேலைக்கு வைக்கலாம். கணக்கு எழுதுவது, புத்தகப் பார்சல் கட்டுவது, ஹாலைப் பெருக்குவது எல்லாம் வேலை. அதற்கு வெளியே என்ன கூலியோ அதைக் கொடுங்கள். "சேவைதானே" என்று அரைச் சம்பளம் கொடுக்கும் குழுவில் மூன்றாம் மாதம் ஆள் இருப்பதில்லை.

ஒரே நேரத்தில் மூன்று பொறுப்பு

குழுவில் ஒரு பொறுப்பு போதும்.

விசிட்டிங் கார்டில் "ஏ.ஏ. உறுப்பினர்"

வேண்டாம். படிப்பைப் போடுங்கள், பதவியைப் போடுங்கள். குடியை நிறுத்திய ஆண்டுக் கணக்கும் அந்தக் கார்டில் வேண்டாம்.