விளையாட்டுக் குழு தொடங்குகிறீர்களா? கடைசி பஸ்ஸைப் பார்த்து நேரம் வையுங்கள்

கொடைக்கானலில் காமிக்ஸ், அறிவியல் புனைகதை, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) என்று குழு தொடங்கும் தம்பிகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். கொஞ்ச மாதத்தில் அவர்களே திரும்பி வந்து, "பொண்ணுங்க வர்றாங்கக்கா, ஆனா நிக்க மாட்டேங்குறாங்க" என்கிறார்கள். எங்கள் காலத்துக் குழுக்கள் செய்த அதே தவறுகள்தான். கிண்டல், ஆபாச மீம், தொட்டுப் பேசுவது தப்பு என்பதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தப்பென்றே தெரியாமல் செய்வதைத்தான் இங்கே சொல்கிறேன்.

"யார்கூட வந்தீங்க?"

முதல்முறை வரும் பெண்ணிடம் இதைக் கேட்காதீர்கள். யாருக்கோ துணையாக வந்தவர் என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்கும் கேள்வி இது. நம் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்த, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடும் விளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவரோடு இங்கே வந்து வேலை பார்த்த மேரி எவர்ஷெட்டை 'அவர் மனைவி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மேரி திருமணத்துக்கு முன்பே தென்வானத்து விண்மீன்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றிய 1917ஆம் ஆண்டு ஆய்வறிக்கை இருவர் பெயரிலும்தான் வந்தது.

பரீட்சை வைப்பது

உண்மையிலேயே ரசிகைதானா என்று சோதிக்க, ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடமும் கேட்காதீர்கள்.

கூட்ட நேரம்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. மதியம் மூன்றுக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பது வரை இழுக்கிறார்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துப் பெண்கள் ஐந்தரைக்கே பையை மாட்டிக்கொண்டு எழுந்தாக வேண்டும். பஸ்ஸை விட்டால், இருட்டில் காட்டுமாடு நிற்கும் ரோடு. வீட்டிலும் பதில் சொல்ல வேண்டும். பைக் வைத்திருக்கும் பையனுக்கு இந்தக் கவலை இல்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் கனமெல்லாம் கடைசியில்தான் இருக்கிறது. பெரிய சண்டை, புதையல் பங்கு, அனுபவப் புள்ளி, அடுத்த வாரம் எங்கே போவது எல்லாமே கடைசி ஒரு மணி நேரத்தில் முடிவாகும். ஒரு கல்லூரி மாணவி தன் மந்திரவாதியைக் கலர் பென்சிலில் வரைந்து, அவளுக்கு நாலு பக்கத்தில் முன்கதையும் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் பஸ்ஸுக்குப் போனதும் வேறொருவன் அந்த மந்திரவாதியை எடுத்து ஆடினான். பொறிக்குள் முதல் ஆளாக அனுப்பிக் கொன்றும்விட்டான். "நான் செத்துட்டேன்னு வாட்ஸ்அப்ல பாத்துதான்க்கா தெரியும்" என்றாள். நடத்திய பையனைக் கேட்டேன். "பாதியில போறவங்களுக்காக நிறுத்த முடியுமாக்கா? பொண்ணுங்களுக்கு அவ்வளவு ஈடுபாடு இல்ல" என்றான். அவள் வரைந்த தாள் டீக்கறையோடு மேசையிலேயே கிடந்தது. அவளும் வரவில்லை, அவள் கூட்டி வந்த தோழிகளும் வரவில்லை.

காலை பத்துக்குத் தொடங்குங்கள். பெரிய சண்டையை மதியச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். அடுத்த தேதி, புதுக் கதை, யார் நடத்துவது என்பதையெல்லாம் எல்லோரும் இருக்கும்போதே பேசி முடியுங்கள். பிறகு டீக்கடையில் எடுக்கும் முடிவு செல்லாது. இல்லாதவரின் கதாபாத்திரத்தை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் ஆடக் கூடாது. அக்டோபர், நவம்பர் மழையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

பழைய விதிநூல்

கையில் கிடைத்தது என்று எடுத்து ஆடாதீர்கள். 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலில் மனித ஆண் வீரனின் வலிமை 18/00 வரை போகலாம் (இங்கே 00 என்றால் நூறு). பெண்ணுக்கு 18/50தான் உச்சம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள்.

கதைக்குள் காதல்

சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் வேண்டாம்.

"அவன் நல்ல பையன்க்கா"

குழுவில் ஒரு பையன்மேல் புகார் வந்ததும் வாயில் வரும் முதல் வார்த்தை இதுவாக இருக்கக் கூடாது. சொன்னவரைத் தனியாக உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவன் உங்கள் நண்பன் என்றால் விசாரிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். விசாரணை முடியும்வரை அவன் மேசைக்கு வர வேண்டாம்.