கே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு பழகும் முறை

ஆங்கிலச் சொற்களை அகர வரிசையில் படிக்க உட்காருபவர்களில் பலர் ஏ-யில் தொடங்கி, பி-யைத் தாண்டுவதற்குள் நோட்டை மூடிவிடுகிறார்கள். ஏ, சி, எஸ் எல்லாம் பெரிய எழுத்துகள். அகராதியில் எஸ் பிடிக்கும் பக்கம் வேறெந்த எழுத்துக்கும் இல்லை. கே சின்ன எழுத்து. அன்றாடம் புழங்கும் சொற்களாகப் பொறுக்கினால் நாற்பதுக்குள் அடங்கிவிடும். ஆனால் தமிழ் பேசுபவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்கள் சில இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே முதலில் இதை எடுங்கள்.

தேவையானவை: 80 பக்கக் கோடு போட்ட நோட்டு, பென்சில், ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி, மாணவர்களுக்கான ஓர் ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. தினம் 20 நிமிடம் போதும். பத்து நாளில் முடியும்.

படி 1: மூன்று கூறாகப் பிரியுங்கள்

அகராதியில் கே பகுதியைப் புரட்டி, ஏற்கெனவே காதில் விழுந்த சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கேவுக்கு அடுத்து 'என்' எழுத்து வரும் சொற்கள் ஒரு பக்கம். கெட்டில், கிட்னி, கிச்சன் போல ஒரு பொருளையோ இடத்தையோ குறிப்பவை இன்னொரு பக்கம். கீப், நோ ('தெரியும்' என்ற சொல்), கைண்ட் போலப் பல பொருள் தருபவை மூன்றாவது பக்கம். வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தால் கிச்சனும் கிட்டனும் கலந்துபோகும்: முன்னது சமையலறை, பின்னது பூனைக்குட்டி. எழுத்து ஒத்த இரண்டு புதுச் சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

படி 2: ஊமைக் கே

கேவும் என்னும் சேர்ந்து தொடங்கினால் கேவுக்கு ஒலி கிடையாது. நீ என்றால் முழங்கால்; நம் 'நீ'யை உச்சரிப்பது போலவே சொன்னால் சரி. நீல் என்றால் மண்டியிடுவது. நைஃப் கத்தி, பன்மையில் எஃப் போய் வி வந்து நைவ்ஸ் ஆகும். நாக் கதவைத் தட்டுவது, நக்கிள் விரல் கணு, நிட் கம்பளி நூலில் பின்னுவது, நாப் திருகும் குமிழ். நாட் முடிச்சு. புயல் அறிவிப்பில் காற்றின் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்தான். அந்தக் காலக் கப்பலோட்டிகள் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி வேகம் பார்த்தார்கள். ஒரு நாட், மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

ஒலிக்காத எழுத்தை ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் அது ஒலித்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபோது கேவையும் சேர்த்தே உச்சரித்தார்கள். அச்சு வந்து எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நாக்கு கேவை விட்டுவிட்டது, தாள் விடவில்லை. ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள்.

நடைமுறையில் இடறும் இடம் எழுதும்போதுதான். 'தெரியும்' என்ற நோவும் 'இல்லை' என்ற நோவும் காதுக்கு ஒன்று. வீரன் என்ற நைட்டும் இரவு என்ற நைட்டும் அப்படியே. நோட்டில் இவற்றை ஜோடியாக எதிரெதிரே எழுதி, கேவை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். இங்கே ஒலியே ஒன்றாக இருப்பதால் ஜோடியாகப் படிப்பதுதான் உதவும். நாலெட்ஜ் என்ற சொல்லைப் பலர் 'நோலெட்ஜ்' என்கிறார்கள். நோவிலிருந்து வந்தாலும் உச்சரிப்பு 'நா'தான்.

படி 3: கேயா, சியா?

ஒலி 'க்' என்று கேட்டால் எந்த எழுத்தைப் போடுவது? அடுத்த எழுத்தைப் பாருங்கள். இ அல்லது ஐ வந்தால் கே: கீ, கெட்டில், கிக், கிங். ஏ, ஓ, யூ வந்தால் பெரும்பாலும் சி: கேட், காட், கப். காரணம் எளிது. இ, ஐ எழுத்துகளுக்கு முன்னால் வந்த சி 'ஸ்' என்று ஒலிக்கும். சென்ட், சிட்டி நினைவிருக்கட்டும். கங்காரு, கோலா, கராத்தே விதியை மீறுவது அவை வெளி மொழிகளிலிருந்து வந்ததால்.

இந்தக் கூறில் பொருள் சிக்கல் அதிகமில்லை. கிட்னி சிறுநீரகம், கில்ன் சூளை, கெரசின் மண்ணெண்ணெய். இரண்டு சொற்கள் மட்டும் நின்று பார்க்கத் தக்கவை. கிட் முதலில் ஆட்டுக்குட்டி, பிறகுதான் குழந்தை. நாமும் பிள்ளையைக் 'குட்டி' என்று கொஞ்சுகிறோம் அல்லவா? கைட் முதலில் பருந்து. அதுபோல வானத்தில் நின்று ஆடுவதால் பட்டத்துக்கும் அந்தப் பெயர் வந்தது.

உச்சரிப்புக்கு ஒரு சோதனை. உள்ளங்கை அகலத் தாளை உதட்டுக்கு முன் தொங்கவிட்டுக் 'கைட்' என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்துக் கேவோடு காற்று வெளியேறும், தாள் அசைய வேண்டும். நம் 'கல்', 'கண்' சொல்லும்போது அது அவ்வளவாக அசையாது. அந்தக் காற்று இல்லாவிட்டால் ஆங்கிலேயர் காதுக்கு அது 'கலை'யின் க போலல்லாமல் 'கங்கை'யின் முதல் க போல மெலிந்து விழக்கூடும்.

படி 4: கீப், நோ, கைண்ட்

பத்து நாளில் நான்கு நாளை இந்த மூன்றுக்கே ஒதுக்குங்கள்.

அகராதியில் கீப் என்றால் 'வை' என்று பார்த்துவிட்டு, 'தட்டை மேசையில் வை' என்பதை 'கீப் த பிளேட் ஆன் த டேபிள்' என்கிறோம். அங்கே வர வேண்டியது புட். கீப்பின் உயிர், ஒரு நிலை மாறாமல் தொடர்வதில் இருக்கிறது. தமிழே வழி காட்டும்: 'வை' என்றால் புட், 'வைத்திரு', 'வைத்துக்கொள்' என்றால் கீப். பாலை ஃபிரிட்ஜில் வை, புட். கெடாமல் இருக்க ஃபிரிட்ஜிலேயே வைத்திரு, கீப். மீதிச் சில்லறையை நீயே வைத்துக்கொள், கீப். இதே நூலைப் பிடித்துக்கொண்டால் மற்றவையும் தானாக அவிழும்: கீப் வாக்கிங், நடந்துகொண்டே இரு; கீப் கொயட், பேசாமல் இரு; கீப் யுவர் வேர்ட், சொன்ன சொல்லைக் காப்பாற்று. இறந்தகாலம் கெப்ட்.

நோவுக்கு 'தெரியும்' சரிதான், ஆனால் நம் 'தெரியும்' அதைவிட அகலமானது. 'இங்கிருந்து மலை தெரியும்' என்பதற்கு நோ வராது, சீ வரும். 'எனக்கு நீச்சல் தெரியும்' என்பதற்கு 'ஐ நோ ஸ்விம்மிங்' என்பதைவிட 'ஐ கேன் ஸ்விம்' இயல்பு. 'ஐ ஆம் நோயிங்' என்ற பிழையை நீக்க இலக்கணப் புத்தகம் தேவையில்லை. 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாம் சொல்வோமா? அதே காதால் ஆங்கிலத்தையும் கேளுங்கள்.

கைண்டுக்குப் பின்னால் 'ஆஃப்' இருந்தால் வகை: பொன்னி ஒரு கைண்ட் ஆஃப் ரைஸ். ஆளைப் பற்றி, ஆஃப் இல்லாமல் வந்தால் அன்பான, இரக்கமுள்ள. இரண்டும், உறவினரைக் குறிக்கும் கின் என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை.

படி 5: சோதித்துப் பாருங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பொருளோடு நிறுத்தாமல், நீங்கள் உண்மையில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியம் வராத சொல்லுக்கு எதிரே புள்ளி வையுங்கள். அது இன்னும் உங்களுடையதாகவில்லை. பத்தாம் நாள் வீட்டில் யாரையாவது இருபது வாக்கியம் வாசிக்கச் சொல்லி, பார்க்காமல் எழுதுங்கள். அதில் 'ஐ நியூ த நியூ டீச்சர்' கட்டாயம் இருக்கட்டும். முதல் நியூவுக்குக் கே போட்டு, இரண்டாவதற்குப் போடாமல் எழுதி, மொத்தத்தில் பதினாறு வாக்கியம் பிழையில்லாமல் வந்தால் அடுத்து ஜே-க்குப் போகலாம். அதுவும் சின்ன எழுத்துதான்.