வீட்டுக்கு வந்த முயல் சினையாக இருக்கலாம் என்றால்

தத்தெடுத்த பெண் முயல் முன்பு ஆண் முயலோடு ஒரே கூண்டில் இருந்தது என்று தெரிந்தாலும், எதனோடு இருந்தது என்றே தெரியாவிட்டாலும், அது சினையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பராமரிப்பைத் தொடங்க வேண்டும். “இரண்டும் பெண்தான்” என்று கொடுத்தவர் சொல்வதை நம்பிவிட வேண்டாம். இளம் முயல்களில் ஆண், பெண் பிரித்தறிவதில் விற்பவர்களே தவறுகிறார்கள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டுக்கு முதல் முயல் வந்தது அப்படித்தான். மூன்றாம் வாரம் அது தன் நெஞ்சு முடியை வாய் நிறையப் பிடுங்கிக் கூண்டு மூலையில் குவித்ததைப் பார்த்த பிறகே எங்களுக்கு விஷயம் புரிந்தது.

முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். பெரும்பாலும் 28 முதல் 32 நாளுக்குள் ஈன்றுவிடும். ஆகவே முயல் வந்த தேதியைச் சுவர் நாள்காட்டியில் வட்டமிட்டு, அதிலிருந்து 32 நாளை எண்ணிக் குறித்து வையுங்கள். மார்ச் 3-ஆம் தேதி வந்த முயல் ஏப்ரல் 4 வரை எந்த நாளிலும் குட்டி போடலாம். ஆணோடு எப்போது சேர்ந்தது என்பது தெரியாததால், வந்த மறுநாளே ஈன்றாலும் வியப்பதற்கில்லை. வயிறு பெருக்கட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை, பல முயல்களில் கடைசி வாரம் வரை ஒன்றும் தெரியாது. முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர், சினையான 12-ஆம் நாளையொட்டி வயிற்றைத் தடவியே திராட்சை அளவுக் கருக்களைக் கண்டறிவார். ஸ்கேன் எடுத்தால் இன்னும் உறுதியாகும். நாமே அழுத்திப் பார்ப்பது ஆபத்து. கோலாலம்பூரில் பல கிளினிக்குகள் நாய், பூனையோடு நிறுத்திக்கொள்வதால், புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. முடி பிடுங்கிக் கூடு கட்டுவதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. கரு இல்லாமலே சினை போலத் தோன்றும் பொய்ச்சினையிலும் முயல் அதையே செய்யும்.

வீட்டில் ஆண் முயல் இருந்தால் முதல் நாளே தனியறைக்கு மாற்றுங்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடியும் சினைபிடிக்கக்கூடும் என்பதை நம்ப மறுப்பவர்களின் வீட்டில்தான் இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து முயல்கள் ஓடுகின்றன.

நம் ஊரில் பெரும் எதிரி வெயில்தான். பகலில் 32, 33 பாகை சாதாரணமாகிவிட்ட நகரத்தில், 28 பாகையைத் தாண்டினாலே தவிக்கும் இந்தப் பிராணியைப் பால்கனியில் விடக் கூடாது. வெயில் படாத அறையில், சிமெண்டுத் தரையிலோ டைல்ஸிலோ படுக்க இடம் கொடுத்து, உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அருகே வையுங்கள். அது தானாகவே வந்து சாய்ந்துகொள்ளும். உலர்புல்லும் தண்ணீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். சினைக்காலத்தில் வழக்கமான திமோத்தி புல்லோடு கால்சியமும் புரதமும் மிகுந்த அல்ஃபால்ஃபா உலர்தழையைச் சேர்க்கலாம். பெல்லட் என்னும் குருணைத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கொத்தமல்லித் தழை நல்லது. பசாரில் மலிவாகக் கிடைக்கிறது என்று கங்கோங் கீரையை மட்டுமே தினமும் போட்டுக்கொண்டிருப்பது சரியல்ல.

ஈனும் பெட்டிக்கு 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள அட்டைப் பெட்டியே போதும். முன்பக்கம் தாழ்வாக வெட்டி, அடியில் செய்தித்தாளும் மேலே தாராளமாக உலர்புல்லும் நிரப்புங்கள். தேதி தெரியாத நிலையில் வந்த வாரமே வைத்துவிட வேண்டும்; முயல் அதைக் கழிப்பறையாக்கினால் புல்லை மாற்றிக்கொண்டே இருங்கள். பிளாட்டில் எறும்பு வராத இடமே இல்லை, முடியில்லாத குட்டிகளை அது விட்டுவைக்காது. பெட்டியை உறுதியான மேசையில் வைத்து, நான்கு கால்களையும் நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவது பாட்டிமார் பலகாரத்துக்குச் செய்த அதே காவல்தான். தாய் ஏறி இறங்கச் சாய்பலகை வைத்தால் அதன் அடியும் நீருள்ள அகலத் தட்டில் இருக்கட்டும்.

பெரும்பாலும் விடியற்காலையில் ஈன்றுவிடும். பெட்டியில் முடிக்குவியல் மெல்ல ஏறி இறங்கினால் உள்ளே குட்டிகள் இருக்கின்றன. கையைக் கழுவி, தாயின் முடியில் தேய்த்துக்கொண்டு, தினம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இறந்ததை உடனே எடுத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் அச்சம். அது நாளுக்கு ஒருமுறை, இரண்டுமுறை, சில நிமிடங்களே பால் கொடுக்கும் என்பதால் கூட்டில் உட்காரவில்லையே என்று கலங்க வேண்டாம். வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்கடியில் வெள்ளையாகப் பால் தெரிந்தால் குட்டி பசியாறியிருக்கிறது. சுருங்கிக் கிடந்தாலோ வெளியே குளிர்ந்து கிடந்தாலோ, முதலில் உள்ளங்கையில் சூடேற்றிப் பிறகு கூட்டில் சேர்க்க வேண்டும். தாய் தூக்கி வராது. பசும்பால் கொடுக்கவே கூடாது.

தாய் 12 மணி நேரம் உண்ணாமலிருந்தாலோ, புழுக்கை நின்றாலோ, முக்கியும் குட்டி வராவிட்டாலோ காலை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணிக்காக நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும், வாய்வழி கொடுக்கும் அமோக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் முயலுக்கு உயிராபத்து.

குட்டிகளுக்குப் பத்து, பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். எட்டு வாரத்தில் தாய்ப்பாலை மறக்கும். பத்து வாரத்துக்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிடுங்கள். தாய்க்குப் பால் வற்றி உடம்பு தேறியதும் கருப்பை நீக்கும் அறுவைக்கு நாள் குறிக்கலாம். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாக வருவதால், இனி குட்டி வேண்டாம் என்பவர்களுக்கு மட்டுமான சிகிச்சை அல்ல அது.