ஒற்றி எடுத்த கோடு: வார்ஹோல் வரைந்த மாதிரி ஒரு ஷூ

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் என்றதும் அவர் வரைந்த சூப் டப்பாவும் நடிகை மர்லின் மன்றோவின் படமும்தான் நினைவுக்கு வரும். அவை 1962-இல் வந்தவை. அதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் நியூயார்க்கில் பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரைந்தே அவர் சம்பாதித்தார். 1955-இலிருந்து ஐ. மில்லர் ஷூ கம்பெனிக்கு அவர் வரைந்த படங்கள் நியூயார்க் டைம்ஸில் வந்தன. அந்த மைக்கோடு எனக்கு சூப் டப்பாவைவிடப் பிடிக்கும். அங்கங்கே அறுந்து, அங்கங்கே திட்டாக ஊறி, லேசாக நடுங்கும். காரணம், அது பேனா நேராகப் போட்ட கோடு அல்ல. ஈரம் காய்வதற்குள் வேறொரு தாளில் ஒற்றி எடுத்தது. பிட்ஸ்பர்கில் கல்லூரியில் படித்தபோதே அவர் கைக்கு வந்த முறை இது.

வேண்டியவை: டிரேசிங் பேப்பர், தடித்த வாட்டர்கலர் தாள், பென்சில், மையில் தொட்டு எழுதும் நிப்பு பேனா, தண்ணீரில் கரையாத கறுப்பு இந்தியன் இங்க், செல்லோடேப்.

முதலில் டிரேசிங் பேப்பரில் ஒரு ஷூவைப் பென்சிலால் வரையுங்கள். வெளிக்கோடு போதும், நிழல் வேண்டாம். இப்போது அந்தத் தாளைத் திருப்பிப் போடுங்கள். ஒற்றும்போது படம் இடம் வலம் மாறிவிடும் என்பதால், முதலிலேயே திருப்பிவிட்டால் கடைசியில் நேராக வரும். படத்தில் எழுத்து இருந்தால் இதை மறக்கவே கூடாது.

அப்புறம் தடித்த தாளை டிரேசிங் பேப்பரின் வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல வைத்து, இரண்டும் சேரும் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். நோட்டுப் புத்தகம் போலத் திறந்து மூட வரவேண்டும். ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்தில் விழுவது இந்த டேப்பால்தான்.

இனிதான் முக்கியமான வேலை. பின்பக்கம் தெரியும் பென்சில் கோட்டின் மேல் நிப்பால் மை போடுங்கள், ஆனால் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும். டிரேசிங் பேப்பர் மையை உறிஞ்சாது, ஈரம் மேலேயே நிற்கும். உடனே மடித்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவித் திறங்கள். அழுத்தினால் மை பரவி அப்பிவிடும்; தாமதித்தால் ஒன்றும் விழாது. மை எவ்வளவு தொடுவது என்பது நாலைந்து தடவை செய்தால் கைக்கே தெரிந்துவிடும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஷூ முழுவதும் போங்கள்.

கோடு அறுந்த இடத்தைப் பேனாவால் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது சாதாரணப் படமாகிவிடும். இந்த முறையின் அழகே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நன்றாகக் காய்ந்தபின் வாட்டர்கலர் தீட்டலாம். வார்ஹோல் பளிச்சென்ற சாய வண்ணங்கள் பூசினார், சில ஷூக்களுக்குத் தங்கத் தாளும் ஒட்டினார். நண்பர்களைக் கூட்டி வைத்து வண்ணம் தீட்டச் சொல்வதும் உண்டு.

சரி, டிரேசிங் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுத் தாளை ஒட்டி மறுபடி மை போட்டால் அதே ஷூ இன்னொன்று கிடைக்கும். மை ஊறும் இடம் மட்டும் ஒவ்வொன்றிலும் மாறும்.